நாற்பது என்று எழுதியிருந்த பெட்டி

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்காலில் எண்பதுகளில் பிரெஞ்சுக் குடியுரிமைக்காகக் காகிதம் சேர்த்துக்கொண்டிருந்த குடும்பங்களிடம் போய் ‘கொள்ளளவு முசியே’, அதாவது கொள்ளளவு ஐயா, என்று சொல்லிப் பாருங்கள், வயதானவர்கள் இப்போதும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவரைப் பற்றி எதையுமே எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நாலு வருடம் அவரிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அதற்கு அப்புறம் இத்தனை வருடம் யோசித்தும் ஆள் பிடிபடவில்லை.

வேலை கேட்டுப் போன அன்று, டைப்ரைட்டிங் சான்றிதழ்களை மேஜைமேல் வைத்தேன். அவற்றை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைக் காட்டினார்.

“இதுல எவ்வளவு கொள்ளுங்க?”

“ஒரு ஆளு சாப்பாடுங்க சார்.”

“ஒரு ஆளுன்னா எந்த ஆளுங்க?”

அவர் டப்பாவை வாங்கி, புளிசாதத்தைப் பத்திரமாக ஒரு தட்டில் கொட்டி மூடிவைத்துவிட்டு, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி அளந்தார். மூன்றரை டம்ளர். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, “நாளையிலேருந்து வாங்க” என்றார். எங்கள் ஊர் வரிச்சிக்குடிக்கு பஸ் ஏறும்போதுகூட எனக்குச் சந்தேகம்தான். வேலை கிடைத்தது எனக்கா, டப்பாவுக்கா?

எல்லோருக்கும் அவரிடம் ‘ங்க’ உண்டு. வாசலில் காகிதம் தின்ன வரும் ஆட்டைக்கூட “போங்க, அந்தப் பக்கம் போங்க” என்றுதான் விரட்டுவார். ஊர் போலகம். இளவயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறியவர். எங்கள் ஊரில் அப்படிப் போனவர்களை ‘சொல்தா’ என்போம். ஆனால் இவர் துப்பாக்கி பிடித்த சொல்தா இல்லை, கிடங்கில் சாமான் எண்ணிய சொல்தா. சைகோனில் எத்தனையோ வருடம் மூட்டையும் பீப்பாயும் எண்ணியிருக்கிறார். எண்ணி எண்ணி ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தார். “எழுதியிருக்கறது வேறங்க, கொள்றது வேறங்க.” ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இதைச் சொல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

ஆபீஸுக்கு ஒரு பிளாஸ்டிக் டிரம் வாங்கினோம். இருநூறு லிட்டர் என்று அதன் வயிற்றில் எழுதியிருந்தது. லிட்டர் படியால் அளந்து ஊற்றச் சொன்னார். நான் ஊற்றினேன், அவர் எண்ணினார். நூற்று எண்பத்தெட்டில் விளிம்பு தட்டிவிட்டது. கடைக்கார மரைக்காயரை ஆள் விட்டு அழைத்துவந்து காட்டினார்.

மரைக்காயர் தலையில் கைவைத்துக்கொண்டார். “யா அல்லா! முசியே, நீங்க டிரம் வாங்குனீங்களா, வழக்குப் போடப் போறீங்களா?”

“வழக்கு எதுக்குங்க? எவ்வளவு கொள்ளும்னு தெரிஞ்சாப் போதும். டீ சாப்பிடுங்க.”

மரைக்காயர் டீ குடித்துவிட்டுப் போனார். இவர் பெயிண்ட் எடுத்து இருநூறை அடித்து, நூற்று எண்பத்தெட்டு என்று டிரம்மில் எழுதினார். கோபம் கிடையாது, குறை சொல்வதும் கிடையாது. டிரம்முக்குச் சரியான பெயர் வைத்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் கப்பல் கதை ஒன்று கட்டாயம் உண்டு. அவரை முதன்முதலாக ஏற்றிப்போன கப்பல். “ஆயிரத்து இருநூறு பேருன்னு பலகையில எழுதியிருந்துச்சுங்க. பொங்கலன்னிக்கு நடுக்கடல்ல இருக்கோம். பொங்கலும் இல்ல, கரும்பும் இல்ல. சும்மா எதுக்கு இருக்கணும்னு எண்ண ஆரம்பிச்சேன். கீழ்த்தளம், மேல்தளம், சமையல்கட்டு எல்லாம் சேத்து, என்னையும் சேத்து, ஆயிரத்து முந்நூத்துப் பதினேழு.” எந்த வருடத்துப் பொங்கல் என்பதையும் தவறாமல் சொல்வார். இருபது தடவையாவது நான் கேட்டிருப்பேன். காற்று, அலை, வாந்தி எல்லாம் தடவைக்குத் தடவை மாறும். பதினேழு மட்டும் மாறாது.

எங்கள் வேலை இதுதான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் யார் யாருக்குப் பிள்ளை, கல்யாணம் எங்கே நடந்தது, பதிவு எங்கே இருக்கிறது, பதிவு இல்லையென்றால் பார்த்த சாட்சி யார் என்று மூன்று தலைமுறைக்குக் கேட்டு எழுதி, புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு அனுப்புகிற மாதிரி கோப்பாக்கிக் கொடுப்பது. பாரிஸில் இருந்த அவருடைய அக்கா மகன் ஒரு விடுமுறைக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தான். ஃபிளாப்பியில் பதிந்துகொண்டிருந்தோம். அடுத்த விடுமுறைக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தான்.

செருப்புக்கடை அட்டைப்பெட்டி அளவுக்கு ஒரு இரும்பு உறை, அதற்குள் டிஸ்க். பின்னால் ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். உள்ளே சின்ன விசிறி ஒன்று ஓயாமல் முனகும். நெற்றியில் நாற்பது என்று எழுதியிருந்தது. நாற்பது மெகா. ஃபிளாப்பிகளில் நூற்றுக்குமேல் அடுக்கினாலும் அதற்கு ஈடாகாது என்றான் அக்கா மகன். சாருக்கு முதலில் சந்தோஷம், அடுத்த நிமிடமே திண்டாட்டம்.

“இதை எதால அளக்கறதுங்க?”

தண்ணீர் ஊற்ற முடியாது, மூட்டை அடுக்க முடியாது. மெஷினிடமே கேட்டோம். அது முப்பத்திரண்டு என்றது. அணைத்துவிட்டுப் போட்டோம், முப்பத்திரண்டு. பெட்டியைத் திருப்பி வைத்துப் போட்டோம், அப்போதும் முப்பத்திரண்டு.

“மாமா, பெட்டிக்குள்ள நாப்பதும் இருக்கு. ஆனா இந்த மெஷினுக்கு முப்பத்திரண்டுக்கு மேல எண்ணத் தெரியாது. அவ்வளவுதான். நீங்க மனச அலட்டிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அவன் விமானம் ஏறிப் போய்விட்டான். யாரிடம் வந்து மனசை அலட்டிக்கொள்ளாதே என்கிறான்!

அந்த எட்டு அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. டிரம் விஷயத்தில் எழுதியவன் பொய் சொன்னான், அளந்தோம், தீர்ந்தது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. எட்டு உள்ளே இருக்கிறது, ஆனால் எண்ண ஆள் இல்லை. “இருக்குங்க, ஆனா இல்லீங்க. இது என்னங்க நியாயம்?” என்று மரைக்காயரிடம் போய்க் கேட்டார். “அது அந்த ரப்புக்குத்தான் வெளிச்சம்” என்று வானத்தைக் காட்டினார் மரைக்காயர். எனக்கும் குழப்பம்தான். வீட்டில் கதவே வைக்காத ரெண்டு அறை இருக்கிற மாதிரி என்று நான் சொல்லிப் பார்த்தேன். “கதவு வெக்காத அறையைக் கொத்தனார் எதுக்குங்க கட்டினாரு?” என்று கேட்டார்.

பெட்டிக்குள் முதல் முதலாகப் போன குடும்பம் கோட்டுச்சேரிமேட்டு அம்மாவுடையது. ஒன்றாம் எண் கோப்பு. அந்த அம்மா வந்தால் அவர் எழுந்து நிற்பார். நாற்காலியில் அந்த அம்மா உட்காரும்வரை சார் உட்காரமாட்டார். அந்த அம்மாவுக்கோ நாற்காலி பழக்கமில்லை. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருப்பார்கள்.

புருஷன் சொல்தா. கல்யாணமாகி இரண்டு மாதத்தில் கப்பலேறிப் போனவர் திரும்பி வரவே இல்லை. செத்துப்போன செய்திதான் வந்தது. அவர் முகம் பார்க்காமல் ஒரு மகள் பிறந்தாள். கல்யாணம் பதிவாகவில்லை. பட்டாளத்துக் காகிதத்திலும் மனைவி பெயர் கிடையாது. இப்போது அந்த மகளுடைய புருஷன் பிரான்ஸில் இருக்கிறான். தன் பிள்ளையை போட்டோவில் மட்டும் பார்த்தவன். மகள் அங்கே போக வேண்டுமென்றால் இன்னாருடைய பெண் என்று நிரூபணமாக வேண்டும், அதற்கு அம்மாவின் கல்யாணம் நடந்தது என்று நிரூபணமாக வேண்டும், அதற்குக் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் புதுச்சேரிக்கு வந்து சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டும். எல்லாம் அந்த இரண்டு பேரில் தொங்கிக்கொண்டிருந்தது.

“மொத ஆளு எங்க தாய்மாமன், அண்ணே. கல்லாட்டம் இருக்காரு. ரெண்டாவது, மாப்பிள்ளைகூட வந்தவரு. அவரும் பட்டாளத்துக்கு எழுதிக் குடுத்தவருதான். பொங்கல் கழிஞ்ச மறுநாளு கல்யாணம். அவரு பந்தல்ல ஒக்காரவே இல்ல. எத்தன எல போடணும், எத்தன எல போடணும்னு கேட்டுக்கிட்டே நின்னாரு. பேரு நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது.”

“முகம் ஞாபகம் இருக்குங்களா?”

“மீச இருந்துச்சு. வேற என்னத்தக் கண்டேன்? தலையக் குனிஞ்சுக்கிட்டுல்ல ஒக்காந்திருந்தேன்.”

நான் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாருக்கு மீசை கிடையாது. மேலும், அந்த அம்மா சொன்ன வருடமும் அவருடைய கப்பல் கதை வருடமும் ஒன்றே. பொங்கலன்றைக்கு நடுக்கடலில் இருந்தவர் மறுநாள் கோட்டுச்சேரிமேட்டில் எப்படி நிற்பார்? பந்தியில் இலை எண்ணாத ஆள் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அதனால் அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் சாட்சி என்று அடித்து, பக்கத்தில் இடம் விட்டேன். மேட்டில் யாரையாவது கேட்டுப் பெயரோடு வருகிறேன் என்று அந்த அம்மா போனார். பத்தாம் நாள் இறந்துபோனார். காய்ச்சல் என்றார்கள்.

அந்த அம்மா சொன்னதெல்லாம் பெட்டிக்குள்தான் இருந்தது. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. சாருடைய சட்டம் அப்படி. “நிரம்பாத கோப்பை அச்சடிக்கக் கூடாதுங்க. பாதிக் காகிதம் வெளிய போனா பாதியாவே நின்னுடும்.” மகள் மாதம் ஒருமுறை பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். “மாமா, பேரு கெடச்சுதா?” என்பாள். “பாக்கறேங்க” என்பார். சாட்சி கிடைக்காமல் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. பிள்ளை இடுப்பிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்து, பெட்டியில் முந்நூறு குடும்பம் சேர்ந்திருந்த சமயம், விசிறி நின்றுபோனதைச் சரிபார்க்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு ரிப்பேர்க்காரர் வந்தார். நாற்பது கதையைச் சார் அவரிடமும் சொன்னார். “அட, இவ்வளவுதானா சார்?” என்று அவர் பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியைப் போட்டு என்னவோ தட்டினார். மெஷின் நாற்பது என்றது.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்தேன்.

“தெரியுதுங்க. ஆனா கொள்ளுமா?”

“கொள்ளும் சார்.”

“நீங்க நிரப்பிப் பாத்தீங்களா?”

“இதைப் போய் யாரு சார் நிரப்புவா?”

இந்த ஆளிடம் கேட்கக் கூடாத கேள்வி. நிரப்பிப் பார்த்தால்தான் ஆயிற்று என்று சார் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியாகச் சேர்ந்த கொஞ்சம் குடும்பங்களையே திரும்பத் திரும்ப நகல் எடுத்து அடுக்கிக்கொண்டே போவது, நாற்பது வருகிறதா என்று பார்ப்பது, பிறகு நகல்களை அழித்துவிடுவது. அதற்கு முன்னால் ஃபிளாப்பியில் பத்திரமாக ஒரு பிரதி எடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த நேரத்துக்குப் பத்து ஃபிளாப்பி இருந்தது. கடற்காற்றில் பூத்துப்போனது போக நாலு தேறியது. நாலில் முந்நூறு குடும்பம் அடங்காது.

எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது? எங்கள் வீட்டில் நெல் கொட்டும் பத்தாயம் உண்டு. அளவுக்குமேல் கொட்டினால் மேலே வழியும். அடியில் கிடக்கிற நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே கடைசியாகப் போட்ட குடும்பங்களைத்தான் காப்பாற்ற வேண்டும், முதலில் போட்டது அடியில் பத்திரமாக இருக்கும் என்றேன். கிடங்கில் வாழ்ந்தவர் உடனே ஒத்துக்கொண்டார். “கடைசியா வெச்ச மூட்டைதாங்க முதல்ல சரியும்.” நாலு ஃபிளாப்பியிலும் கடைசிக் குடும்பங்களை ஏற்றினேன். எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமையாக வேறு இருந்தது.

காலையில் ஆரம்பித்தோம். நான் நகல் எடுக்க எடுக்க அவர் நோட்டில் கோடு போட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் இருபது. மூன்று மணிக்கு முப்பது. முப்பத்திரண்டைத் தொட்டபோது எழுந்து நின்றார். முப்பத்து மூன்று போயிற்று. முப்பத்து நாலும் போயிற்று.

“உள்ள போகுதுங்க! இருந்திருக்குங்க அது!”

அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முப்பத்தாறில் மெஷின் நின்றது. அணைத்துப் போட்டோம். பெட்டி முனகியது, ஆனால் ஒரு குடும்பத்தையும் காட்டவில்லை.

ரிப்பேர்க்காரர் மறுபடி வந்து இரண்டு நாள் உட்கார்ந்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தார். முதல் முப்பத்தெட்டுக் குடும்பம் மட்டும் வரவில்லை.

“முப்பத்திரண்டு தாண்டினதும் மேல போகல சார். திரும்பி மொதல்லேருந்து எழுத ஆரம்பிச்சிருக்கு.”

“மேல வழியலையா?” என்று கேட்டேன்.

“வழியறதுக்கு இது என்னம்மா நெல்லா?”

பழைய குடும்பங்கள் இருந்த இடத்தில் புதிய குடும்பங்களின் நகல் வந்து உட்கார்ந்திருந்தது. எதைக் காப்பாற்றத் தேவையே இல்லையோ அதை நாலு ஃபிளாப்பியில் பூட்டி வைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்ற முப்பத்தேழு குடும்பத்துக்காக இல்லை. அவர்களிடம் வீட்டில் காகிதம் இருக்கிறது, மறுபடி கேட்டு அடித்துக்கொள்ளலாம். ஒன்றாம் எண்ணுக்காக அழுதேன். செத்துப்போனவரிடம் யார் போய் மறுபடி கேட்பது? அந்தப் பெண் வந்து ‘பேரு கெடச்சுதா மாமா’ என்றால், இருந்ததும் போயிற்று என்றா சொல்வது?

சார் திட்டவில்லை. பெட்டியின் நெற்றியில் இருந்த நாற்பதை ஒருமுறை பார்த்தார். அப்புறம், “காகிதம் சொருகுங்கம்மா. டைப்ரைட்டர்லயே அடிச்சிடுவோம்” என்றார்.

மூன்று நாள் சொன்னார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, முப்பத்தெட்டாம் குடும்பத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறந்த தேதி, பதிவின் பக்கம், தாய்மாமன் பெயர், தத்து எடுத்த வருடம். எழுதிவைத்துக்கொண்டு படிக்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன், கையில் ஒன்றும் இல்லை. பிறகு ஒவ்வொரு குடும்பமாக வரவழைத்து அவர்கள் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தோம். முப்பத்தேழும் சரி. ஒரே ஓர் இடத்தில் தேதி தப்பு, அதுவும் நான் அடித்த தப்பு.

ஒன்றாம் எண்ணை மூன்றாம் நாள் சாயங்காலம் சொன்னார். அந்த அம்மா சொன்னது அப்படியே வந்தது. எந்த வருடம், பொங்கல் கழிந்த மறுநாள், எந்த வீட்டு வாசலில் பந்தல். முதல் சாட்சி, தாய்மாமன். இரண்டாம் சாட்சி என்றார். நான் அடித்துவிட்டு இடம் விடுவதற்காகத் தட்டப் போனேன். அவர் குரல் நிற்கவில்லை. ஒரு பெயர் சொன்னார். தகப்பனார் பெயர் சொன்னார். ஊர் போலகம் என்றார்.

அவருடைய பெயர்.

என் கை நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“அது காலியா இருந்துச்சு சார்.”

“எங்க இருந்துச்சுங்க?”

“பெட்டியில.”

“இப்ப பெட்டியில இருக்குங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப அடிங்கம்மா.”

அடித்தேன். மற்ற முப்பத்தேழும் எழுத்துப் பிசகாமல் சரியாக இருக்கும்போது இதை மட்டும் சந்தேகப்பட நான் யார்? ஆனால் இதை ஒத்துப் பார்க்கக் காகிதம் கிடையாதே. தாய்மாமன் கிழவருக்கு மாப்பிள்ளைகூட வந்தவர் ஞாபகமே இல்லை. “யாரோ வந்தாங்க” என்றார். சாரும் கிழவரும் அந்தப் பெண்ணும் பஸ் ஏறிப் புதுச்சேரி போனார்கள். சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் திரும்பிவந்தவரிடம், என்ன ஆயிற்று சார் என்று பதைபதைத்துக் கேட்டேன். “பஸ்ஸுல அம்பத்திரண்டு பேருன்னு எழுதியிருந்துச்சுங்க. கடலூர்ல எண்ணினேன், எழுபத்தொண்ணு” என்றார். ஒரு மாதிரி சிரிப்பும் ஒரு மாதிரி கோபமும் எனக்குச் சேர்ந்தே வந்தது.

ஏழு மாதத்தில் அந்தப் பெண்ணுக்குக் காகிதம் வந்துவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள் பிள்ளையோடு சொல்லிக்கொள்ள வந்தாள். காலில் விழப் போனவளை, “எழுந்திருங்க, எழுந்திருங்க” என்று பதறித் தடுத்தார். அவள் எழுந்தாள், ஆனால் போகவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள்.

“மாமா, கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லணும். எங்க அப்பா கல்யாணத்தன்னிக்கு எப்படி இருந்தாரு? அம்மா குனிஞ்ச தல நிமிரலையாம். வீட்டுல ஒரு போட்டோகூட இல்ல. பாத்தவங்கன்னு இப்ப நீங்க ஒருத்தருதான்.”

டைப்ரைட்டரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். ஏதாவது சொல்லி மழுப்பப் போகிறார், அவள் முகம் மாறப் போகிறது என்று பயந்தேன். சார் பிள்ளையின் பக்கம் குனிந்தார். அப்புறம் பேசினார்.

“வேர்த்துக்கிட்டே இருந்தாருங்க. தை மாசத்துப் பனியில யாராச்சும் வேர்ப்பாங்களான்னு கேட்டேன். இந்தத் துண்டுல எவ்வளவு வேர்வை கொள்ளும், அதை எண்ணுடான்னாரு. நல்லாச் சிரிப்பாரு. இந்தாங்க, இந்தப் பிள்ளை சிரிக்குது பாருங்க, இந்த மாதிரி. பல்லு தெரியாம.”

அவள் பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள், அழுதாள், பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். பிள்ளை எதுவும் புரியாமல் மேஜைமேல் இருந்த பெட்டியைத் தொடப் போயிற்று. “தொடுங்க, தொடுங்க, ஒண்ணும் ஆவாது” என்றார் சார் அதனிடம்.

அதற்கு ஒரு மாதம் கழித்து மரைக்காயரின் மருமகன் துபாயிலிருந்து லீவில் வந்தவன் ஆபீஸில் உட்கார்ந்திருந்தான். புது ஆள் கிடைத்துவிட்டானல்லவா, சார் கப்பல் கதையை ஆரம்பித்தார். அதே பொங்கல், அதே நடுக்கடல். “கீழ்த்தளம், மேல்தளம், சமையல்கட்டு எல்லாம் சேத்து எண்ணினாங்க. ஆயிரத்து முந்நூத்துப் பதினாறு.”

நான் நிமிர்ந்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்து டீயைக் குடித்தார். ‘என்னையும் சேத்து’ என்பது இல்லை. ‘எண்ணினேன்’ என்பதும் இல்லை. நான் அங்கே இருந்தவரையில் அதற்கப்புறம் எப்போதும் பதினாறுதான்.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? பந்தலில் இலை எண்ணிக்கொண்டு நின்றவர் இவர்தானா? அப்படியானால் அந்த அம்மா உயிரோடு எதிரில் உட்கார்ந்து பெயருக்குத் தவித்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை? கூடப் போனவன் செத்து, தான் மட்டும் திரும்பிவந்த வெட்கமா? இல்லை, கப்பலில் இருந்தவர்தானா, ஒரு பெண்ணுக்காகத் தன்னைக் கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டாரா? அப்படியென்றால் அந்த வேர்வை, அந்தச் சிரிப்பு? இவ்வளவு வருடம் எழுதியிருப்பதை நம்பாமல் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்த மனிதர், அளக்காத ஒன்றைச் சத்தியம் பண்ணிச் சொல்வாரா? சில நாள் எனக்கு இன்னும் கெட்ட சந்தேகம்கூட வரும். காலியிடம் இருந்த ஒரே கோப்பு அழியட்டும் என்றுதான் பெட்டியை நிரப்பினாரோ? சேச்சே, முதலிலிருந்து அழியும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மேலே வழியும் என்று சொன்னவளே நான்தானே. தெரியாதுதானே?

வேலையை விட்டு நான் கல்யாணமாகிப் போன அன்றைக்காவது கேட்டிருக்கலாம். அவர் எனக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு பரிசளித்தார். அடியில் ஆணியால் கீறி, கொள்ளும் அளவை எழுதியிருந்தார். கேட்காமலே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவர் இல்லை.

அந்தப் பெண் அங்கே பேரன் பேத்தி எடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். புதுச்சேரிக் காகிதத்தில் இரண்டாம் சாட்சி என்ற இடத்தில் அவர் பெயர் இன்னும் இருக்கும். அதை நான் இங்கேயும் எழுதினால் யாராவது கெட்டிக்காரர் அந்த வருடத்துக் கப்பலைத் தேடிப் பிடித்து, ஆட்களை ஒவ்வொருவராக எண்ண ஆரம்பித்துவிடுவார். பதினேழு வருகிறதா, பதினாறு வருகிறதா என்று எனக்குமே தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனாலும் வேண்டாம். அதனால்தான் பெயருக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அவர் பார்த்தால், நிரம்பாத கோப்பை ஏங்க வெளியே அனுப்பினீங்க என்று கேட்பார்.